பூஞ்சண விஷமும் சர்க்காரின் கடமையும்

அரிசியில் கல்லைக் கலக்கும் வியாபாரியைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. ஜனங்களும் அவன்மீது சீறுகிறார்கள். ஆனால், எவரும் கலக்காமலே தானியத்தில் உண்டாகும் ஒரு கொடிய விஷத்தைப் பற்றி நம் நாட்டில் பேச்சையே காணோம். நன்கு உலராத மக்காச்சோளம், நிலக்கடலை முதலியவற்றில் பூக்கும் பூஞ்சணம் சுரக்கும் அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சையே குறிப்பிடுகிறோம்.

1960-ஆம் வருஷம் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டன. அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதே இந்த நஞ்சு வெளிப்பட்டது. 1974-ஆம் வருஷத்திலோ, நம் தேசத்தில் மனிதர்களே மாண்டனர். ராஜஸ்தானத்துப் பன்ஸ்வாரா, குஜராத்துப் பஞ்சமகால் ஜில்லாக்களில், காலந்தவறிய மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த மக்காச்சோளத்தை உண்ட ஏழைகளில் 397 பேர் காமாலையும் மகோதரமும் கண்டு வருந்தினர். 106 பேர் இறந்தனர். வீட்டில் வேறு தானியம் இல்லாதவன் எதைத்தான் உண்பான்?

இவ்விஷம் சமைப்பதால் முற்றிலும் அழிவதில்லை. சிறிது சிறிதாக நெடுங்காலம் உட்கொண்டால் ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும். ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் நோய்க் கிருமி உள்ளவர்களுக்கு அபாயம் பன்மடங்கு. நஞ்சேறிய பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அது இறங்குகிறது. 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் நாடெங்கும் திரட்டிய 6,432 பால் மாதிரிகளில் 368-இல் இது வரம்பை மீறியிருந்தது. அவற்றுள் 88, தமிழ்நாட்டில் எடுத்த 551-ஐச் சேர்ந்தவை. குழந்தைகளுக்கு நாம் ஊட்டும் பாலின் கதி இது!

மழையும் ஈரமும் மனிதன் வசத்தில் இல்லையே என்று சிலர் சமாதானம் கூறுவர். அது பொருந்தாது. நேரே உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இவ்விஷம் இருத்தலாகாது என்று ஐரோப்பியர் விதித்திருக்கின்றனர். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவர்களுக்கு அனுப்பும் கடலையை நாம் சோதித்து, சான்றுடனேயே கப்பலேற்றுகிறோம். அந்நியன் வயிற்றுக்காகச் செய்ய முடிந்ததை நம் குடிமகன் வயிற்றுக்காகச் செய்ய முடியாதா? நமக்கும் வரம்பு விதித்த சட்டம் உண்டு. ஆயினும், சந்தையில் மூட்டைதோறும் சான்று கேட்பார் யார்? சோதனையில்லாத சட்டம் வெறும் காகிதமே.

ஆகவே, ஒழுங்குமுறை விற்பனைக்கூடந்தோறும் சோதனைச்சாலையும் உலர்களமும் சர்க்கார் ஏற்படுத்த வேண்டும். நனைந்த விளைச்சலை உலர்த்தக் குடியானவனுக்கு வசதி வேண்டும். பூஞ்சணம் பிடித்த சரக்கைத் தக்க விலை கொடுத்து வாங்கி அழித்துவிட வேண்டும். இல்லையேல் கழித்துப்போட்டது ஏழையின் உலைக்கும் மாட்டின் தொட்டிக்குமே போய்ச் சேரும். தேசத் தொண்டர்கள் கிராமந்தோறும் சென்று, சுருங்கிய பருப்பையும் நிறம் மாறிய பருப்பையும் பொறுக்கி நீக்குமாறு எடுத்துச் சொல்வார்களாக. சுதந்திர நாட்டில் ஏழையின் கவளத்துக்கும் காவல் உண்டு என்பதைச் சர்க்கார் செயலில் காட்டட்டும்.