குட்டி மலிவு, குதிரை மலிவல்ல

பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்த விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்க்க வரும் பயணிகளை நம்பி அங்கே குதிரைக்குட்டி வாங்க நினைப்பவர், விலையைவிட அதன் வயதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். மூன்று வயதுக்கு முன் அதன் முதுகில் ஆளேற்றுவது முறையல்ல. முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வயதாகும். அதுவரை தீவனம், லாயம், குளம்பு சீவுதல், மிருக வைத்தியர் என எல்லாமே செலவு. வரவு இல்லை. சிறுவயதிலேயே வாங்கினால் சொன்னபடி கேட்கும் என்பார்கள். உண்மைதான், பழக்கத் தெரிந்தவர் கையில் மட்டும். செல்லமாகக் கடிக்கவிட்ட குட்டி, பல நூறு கிலோ எடையான பிறகும் கடிக்கும். மந்தை விலங்கான அது தனியே வளர்வதும் நல்லதல்ல. பந்தயத் திடல் உள்ள நுவரெலியாவில் குதிரையோடு பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சில மாதம் கற்றுக்கொண்டு, பழகிய நடுவயதுக் குதிரையை வைத்தியரிடம் காட்டி வாங்குங்கள். குட்டியைப் பிறகு பார்க்கலாம்.