எங்களுக்கு வேற சட்டி

சங்கரன்கோவிலில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர் போர்டில் 'சங்கரன்கோவில் பிரியாணி' என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. சாப்பிட வருகிறவனுக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியும். அந்த ஊர்ப் பெயர் போர்டில் ஏறுவதெல்லாம் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி சென்னைக்கு வந்த பிறகுதான். அங்கே முன்னால் ஒரு 'ஒரிஜினல்', அதற்கும் முன்னால் ஒரு 'அசல்'. ஊரிலிருந்து தூரம் கூடக் கூட போர்டு நீளும். சந்தேகமாக இருந்தால் அடுத்த முறை நீங்களே கவனியுங்கள்.

இந்த வியாதி சென்னையோடு நின்றிருந்தால் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பாரிஸில் ஒரு தாய்லாந்து உணவகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், விடுங்கள். வாசலில் தங்க நிறத்தில் புத்தர், மேஜையில் ஆர்க்கிட் பூ, மெனு அட்டையில் நாலு இடத்தில் 'அசல் தாய்லாந்துச் சுவை'. பச்சை மிளகாய்க் குழம்பு கேட்டேன். 16 யூரோ, நம் காசுக்கு ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ரூபாய். வந்தது என்ன தெரியுமா? திருநெல்வேலிக் கல்யாண வீட்டு மறுநாள் சொதி. அதுவும் இஞ்சி போட மறந்த சொதி! தேங்காய்ப்பாலில் சர்க்கரை கரைத்துப் பச்சை நிறத்தைக் காட்டி எடுத்த மாதிரி இருந்தது. எலுமிச்சைப்புல்லை மோப்பம் பிடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பரிமாறியவர் வந்து "எப்படி?" என்றார். நான் என்ன சொன்னேன்? "வெரி குட்." சங்கரன்கோவில்காரன், உப்பு ஒரு கல் குறைந்தாலும் கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரிக்கிற பரம்பரை, ஆயிரத்தைந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வெரி குட் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கிளம்பும்போது சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நேராகத் தமிழில் கேட்டார்: "அண்ணை, உறைப்பு காணாதோ?" யாழ்ப்பாணத்துக்காரர். 1983-க்குப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களில் எத்தனையோ பேருக்கு பாரிஸ் சமையலறைகள்தான் சோறு போட்டன. பிரெஞ்சுச் சாப்பாடோ இத்தாலியச் சாப்பாடோ, அடுப்படியில் நிற்பது நம் ஆளாக இருக்கலாம். நான் தயங்கித் தயங்கித் தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது வெள்ளையளுக்கு வைக்கிறது. எங்களுக்கு வேற சட்டி."

எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். சமைத்தது யாழ்ப்பாணத்துக்காரர் என்பதற்காக இல்லை. அந்த இன்னொரு சட்டியில் ஊசி மிளகாயும் மீன் சாறும் சரியான அளவில் இருக்கும் என்று என்னால் பந்தயம் கட்ட முடியும். அசலாகச் சமைக்கத் தெரிந்த கை அங்கேயே இருக்கிறது. அந்தச் சட்டி மேஜைக்கு வராது, அவ்வளவுதான். எனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று எவனோ முன்கூட்டியே முடிவு செய்து, பிறகு அதன் மேல் 'அசல்' என்று முத்திரையும் குத்துகிறான். ஐரோப்பியர்களுக்குக் காரம் ஆகாது என்கிறீர்களா? சரி, குறைத்துப் போடட்டும். குறைத்திருக்கிறோம் என்று மெனுவில் எழுதட்டுமே! யார் கையைப் பிடித்தது?

உடனே ஒரு வாசகர், "அசல் என்று உலகத்தில் எதுவுமே இல்லை சார்" என்று கிளம்புவார். தெரியும். மிளகாயே போர்த்துகீசியர் கப்பலில் வந்ததுதான், அவர்களுக்கும் நமக்கும். தாய்லாந்தின் தேசிய உணவு என்கிறார்களே 'பாட் தாய்', சயாம் என்ற நாடு 1939-ல் தாய்லாந்து என்று பெயர் மாற்றிக்கொண்ட காலத்தில் பிபுன் சொங்க்ராம் அரசாங்கம் ஊக்கம் கொடுத்துப் பரப்பியது. அதில் இருக்கும் நூடுல்ஸ் சீனாக்காரர்கள் கொண்டுவந்தது. நான் சுத்தம் கேட்கவில்லை. பாதி சிவன், பாதி பெருமாளாகச் சங்கரநாராயணர் நிற்கிற ஊர்க்காரனிடம் போய்க் கலப்பைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள்.

தாய்லாந்து அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2002-ல் 'குளோபல் தாய்' என்று திட்டம் போட்டார்கள். அப்போது வெளிநாடுகளில் சுமார் 5,500 தாய் உணவகங்கள். அதை 8,000 ஆக்குவது இலக்கு. தரமான கடைகளுக்கு 'தாய் செலக்ட்' என்று சான்றிதழும் தருகிறார்கள். நம் பக்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். சங்கரன்கோவில் பிரியாணிக்கும் வாங்கலாமே என்பீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்கும். குழம்பில் காரம் இல்லையென்றால் இறங்கி வந்து சண்டை போடாது.

சண்டை போட ஆள் வேண்டும். எங்கள் ஊரில் இருக்கிறார்கள். விசைத்தறிக்காரர், பூ மார்க்கெட்டில் மல்லிகை எடை போட்டுவிட்டு வருகிறவர், பஸ் ஸ்டாண்டு டிரைவர். எல்லாரும் நாளைக்கும் வருகிறவர்கள். சென்னையில் அந்த 'ஒரிஜினல்' போர்டுக்குக் கீழே நிறப்பொடி தூவிய சோற்றைச் சாப்பிடுகிற நீங்கள் ஒருநாளாவது கேட்டதுண்டா? போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறீர்கள். நான் பாரிஸில் செய்ததும் அதுதான்.

போன ஆடித் தபசுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் பக்கத்து இலைப் பெரியவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை நிறுத்தினார். "என்ன அண்ணாச்சி, கறி இன்னைக்கு அவசரப்பட்டு இறங்கிட்டு போலிருக்கே?" கடைக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. உள்ளே திரும்பி, "யாருல அடுப்புல நின்னது?" என்று ஒரு சத்தம் போட்டார்.