தறிக்கும் ஓய்வு, மனதுக்கும் ஓய்வு: காஞ்சிபுரம் மக்களுக்கு ஒரு பொது வேண்டுகோள்

மன அழுத்தம் என்பது நெருக்கடியைச் சமாளிக்க உடல் தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும் நிலை. அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்கள் சுரக்கின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, கழுத்தும் தோளும் இறுகுகின்றன. நெருக்கடி தீர்ந்ததும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் திரும்பாமலே இருந்தால் தூக்கம் கெடும், வயிறு கெடும், இரத்த அழுத்தம் ஏறும், வீட்டில் சின்னப் பேச்சும் சண்டையில் முடியும். காஞ்சிபுரத்தில் தறியை நம்பி வாழும் பல வீடுகளில் இது பழகிப்போன நிலையாக இருக்கிறது. இதைத் தணிக்கப் பெரிய செலவில்லாத வழிகள் உண்டு. அவற்றைக் கடைப்பிடிக்க நெசவாளருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஊரே சேர்ந்து ஒதுக்கித் தர வேண்டும் என்பதே இந்த வேண்டுகோள்.

குழித்தறியில் நெய்பவர் கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதித்தபடி, முன்பக்கம் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார். கோர்வைச் சேலையானால் மூன்று நாடா. உடல் ஒரு நிறம், இருபுறக் கரையும் வேறு நிறம். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தருகிறார். உடலும் கரையும் சேரும் இடத்தில் ஓர் இழை பிசகினாலும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதனால் கண்ணும் கவனமும் மணிக்கணக்கில் அந்த ஓரத்திலேயே நிற்கின்றன. இழை அறுந்தால் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட பிறகே அடுத்த நாடா ஓடும். இப்படி ஒரு சேலை முடியப் பத்து நாள், இருபது நாள் ஆவது சாதாரணம்.

உடல் அலுப்போடு பணக் கவலையும் சேர்கிறது. பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. அவற்றின் விலை ஏறும்போது வேலை குறைகிறது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தக் காலங்களில் அவசரம். ஆடியிலும் மார்கழியிலும் மந்தம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறுகிறது. தெருவில் பாவு விரிக்க வெயில் கிடைப்பதில்லை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகியும், விசைத்தறிச் சேலை அதே பெயரில் விலைபோவது நிற்கவில்லை. வாங்கிய முன்பணம் தீருமுன் அடுத்த முன்பணம் வாங்க நேர்கிறது. மூச்சுப் பயிற்சியோ மூலிகையோ இந்தக் கவலைகளைத் தீர்த்துவிடாது. ஆனால், நன்றாகத் தூங்கி எழுந்தவருக்குத்தான் கணக்கைத் தெளிவாகப் பார்க்கவும், கூலியைப் பற்றி நிதானமாகப் பேசவும் தெம்பு இருக்கும்.

முதல் வழி மூச்சு. நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். விநாடிக்கு ஓர் எண் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகிறது. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. ஐந்து நிமிடம் போதும். தறியில் உட்கார்ந்தபடியே செய்யலாம். மூச்சை அடக்கிப் பிடிக்கத் தேவையில்லை. தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது வழி, இடையிடையே எழுந்திருப்பது. மணிக்கொரு முறை குழியிலிருந்து கால்களை வெளியே எடுத்து, ஐந்து நிமிடம் நின்று, தோள்களைச் சுழற்றி, முதுகை நிமிர்த்திப் பின்னால் லேசாக வளைய வேண்டும். வாசலுக்கு வந்து தெருக்கோடியைச் சற்று நேரம் பார்த்தால், கிட்டத்திலேயே குத்தி நின்ற கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும்.

மூன்றாவது வழி நடை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் அது நிறைவாகிவிடும். இதற்கு இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பிள்ளையார்பாளையத்தாருக்குக் கயிலாசநாதர் கோயில் பக்கம். ஏகாம்பரநாதர் கோயிலிலும் சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலிலும் அகன்ற பிராகாரங்கள் இருக்கின்றன. விடியற்காலையில் கூட்டமில்லாத நேரத்தில் பிராகாரம் சுற்றுவது பக்தருக்கு வழிபாடு, எல்லோருக்குமே உடல்நலம்.

நான்காவது, உண்பதும் குடிப்பதும். தறி ஓடும்போது அலுப்புத் தெரியாமலிருக்க டீமேல் டீ குடிப்பது வழக்கமாகிவிட்டது. குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் காஃபீனில் ஏறத்தாழ பாதி உடலிலேயே இருக்கும். மாலை 4 மணிக்கு மேல் டீ, காபிக்குப் பதிலாக மோர், சீரகத் தண்ணீர், சுக்குமல்லிக் கஷாயம் குடிக்கலாம். கவலையில் முதலில் மந்தமாவது வயிறுதான். ஊரின் பெயரைத் தாங்கிய கோயில் இட்லியில் சேரும் மிளகும் சீரகமும் சுக்கும் செரிமானத்துக்கென்றே நம் சமையலில் இடம்பெற்றவை. பசியைத் தள்ளிப்போடாமல் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். புகையிலையும் மதுவும் சற்று நேரம் தளர்த்துவதுபோல் தோன்றினாலும், தூக்கத்தைக் கெடுத்துக் கடனையும் கூட்டுகின்றன.

ஐந்தாவது, எண்ணெய்க் குளியலும் தூக்கமும். வாரம் ஒரு நாள் நல்லெண்ணெயைச் சூடு காட்டி உச்சந்தலை, பிடரி, தோள், இடுப்பு, பாதம் எனத் தேய்த்து, அரை மணி ஊறி, சீயக்காய் போட்டு வெந்நீரில் குளிப்பது பழைய முறை. தேய்ப்பும் சூடும் இறுகிய தசைகளைத் தளர்த்துகின்றன. அன்று வேலைக்கு அவசரம் இல்லை என்பதே பாதி மருந்து. பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது தூக்கம் தேவை. படுக்கும் நேரமும் எழும் நேரமும் தினமும் ஒன்றாக இருப்பதும், படுப்பதற்கு ஒரு மணி முன்பே கைபேசியை ஒதுக்கி வைப்பதும் தூக்கத்துக்கு உதவும்.

மூலிகைகளில் அமுக்கராக் கிழங்குதான் மன அழுத்தத்துக்காக அதிகம் ஆராயப்பட்டது. அழுத்தத்தைக் குறைத்துத் தூக்கத்தை மேம்படுத்துவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும் அதைக் கடையில் வாங்கித் தானாகச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. தைராய்டு, கல்லீரல் நோய் உள்ளவர்களும் தூக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அரசு சித்த மருத்துவப் பிரிவுகளிலும், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் முறையான ஆலோசனை கிடைக்கிறது. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடும் மாத்திரையை மூலிகையை நம்பி நிறுத்துவது ஆபத்து.

இந்தப் பழக்கங்களுக்கு அடங்காத நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, ஓயாத அழுகை, கூடிக்கொண்டே போகும் குடி, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மருத்துவ உதவி தேவை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மனாஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் அழுத்தம்தான் என்று ஒதுக்கிவிடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மேற்சொன்னவை நடைமுறைக்கு வர, ஊர் மக்கள் அனைவரிடமும் கேட்டுக்கொள்ளப்படுவது:

1. நெசவாளர்கள் மணிக்கு ஐந்து நிமிடம் தறியை நிறுத்தவும், இரவு 9 மணிக்கு மேல் தறியில் உட்காராதிருக்கவும் வேண்டும். கைத்தொழில் செய்வோர் பலர் கடைப்பிடித்துவந்த அமாவாசை ஓய்வைக் கைவிடலாகாது.

2. நூல் சுற்றி, கோர்வைக்கு உட்கார்ந்து, அடுப்படியையும் பிள்ளைகளையும் பார்க்கும் பெண்களுக்கு இரட்டைச் சுமை. வீட்டு வேலையை ஆண்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

3. பட்டு முதலாளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் சேலைக்கு நாள் குறிக்கும்போது மழை நாளையும் ஓய்வு நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேலை வந்த அன்றே கூலி தர வேண்டும்.

4. கல்யாண வீட்டார் முகூர்த்தச் சேலைக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும்.

5. மாநகராட்சியும் கோயில் நிர்வாகங்களும் பிராகாரங்களையும் குளக்கரைகளையும் தூய்மையாகவும் வெளிச்சமாகவும் வைத்து, பெண்களும் முதியவர்களும் அச்சமின்றி நடக்க வழிசெய்ய வேண்டும்.

6. வாசலில் உட்கார்ந்து பேசும் வழக்கம் உள்ள தெருக்கள் அதை விட்டுவிடக் கூடாது. சில நாளாக முகம் காட்டாத அண்டை வீட்டாரைத் தேடிப் போய் நலம் விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்