பைரவருக்குக் கற்பூரம், நாய்க்கு?

தேய்பிறை அஷ்டமி என்றால் காஞ்சிபுரத்துச் சிவன் கோயில்களில் பைரவர் சன்னதி நெரிபடும். வாகனமான நாய்க்கும் சேர்த்தே கற்பூரம் காட்டுவோம். வெளியே வந்ததும் உயிருள்ள நாய்க்கு ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்புவோம். புண்ணியக் கணக்கு அத்தோடு சரி. ஆனால் அடிபட்ட நாய்க்கும் தாயை இழந்த குட்டிக்கும் வேண்டியது சில வாரங்களுக்கு ஒரு வீட்டு மூலை. காப்பகங்களில் இடம் எப்போதும் பற்றாக்குறைதான். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்ட பிறகு நெருக்கடி இன்னும் கூடும். அந்த நெரிசலில் தடுப்பூசி முடியாத குட்டிகளைப் பார்வோ வைரஸ் வாரிக்கொண்டு போய்விடும். அதனால்தான் வீட்டு மூலை கேட்கிறேன். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடுகளை நான் கேட்கவில்லை. பட்டுப் பாவில் குட்டி வாய் வைத்தால் உழைப்பெல்லாம் வீண். மாடி காலியாகக் கிடக்கும் வீடுகளைத்தான் கேட்கிறேன். பழைய லுங்கி விரித்த அட்டைப்பெட்டி, குழைந்த சோறு, கால்நடை மருத்துவர் சொல்லும் தேதியில் ஊசி. பசும்பால் மட்டும் வேண்டாம், வயிற்றைக் கலக்கும். வளர்ப்பவரும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. "பழகிவிட்டால் பிரிய மனசு வராதே" என்பார்கள். வராதுதான். ஆனாலும் நல்ல வீடு கிடைத்ததும் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த குட்டிக்கு இடம் கிடைக்கும்.