மாதிரி வீட்டின் உள்ளே என்ன வண்ணம்?

அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்யத் தொடங்கினால் உங்கள் கவனமெல்லாம் வெளிப்புறத்தின் மீதே செல்கிறது. கார் என்றால் மேற்பூச்சு பளபளக்க வேண்டும். வீடு என்றால் முகப்பு அழகாயிருக்க வேண்டும். உட்புறத்துக்கு? டப்பாவில் மீந்திருக்கும் எனாமல் எதுவோ அது! இந்தப் பழக்கம் தவறு என்பது என் கருத்து. உட்புற வண்ணம் வெறும் அலங்காரம் அன்று. அது ஓர் இயற்பியல் அளவு. நீள அகலங்களை எவ்வளவு கவனமாகக் குறைக்கிறோமோ, அவ்வளவு கவனமாக அதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டின் மாதிரியையே எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ அத்தகைய வீட்டைப் பார்த்திருப்பீர்கள். முகப்பைத் தாண்டினால் வளவு. அதன் நடுவே வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். சுவர்களில் சுண்ணாம்புச் சாந்தைப் பூசிப் பளிங்குபோல் இழைத்திருப்பார்கள். தூண்கள் பர்மாத் தேக்கு. தரையில் பல வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கும். முற்றத்தின் வழியே இறங்கும் வெளிச்சம், இந்தப் பரப்புகளில் பட்டுப் பட்டுத்தான் உள்ளே பரவுகிறது.

இதை மாதிரியாகச் செய்து, "பகலில் விளக்கு தேவைப்படாத வீடு" என்று அட்டையில் எழுதி வைக்கிறோம். உள்ளேயோ கண்ணைப் பறிக்கும் வெள்ளை எனாமல். போதாததற்குத் தெர்மக்கோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு எல்.இ.டி. விளக்குகள்! இந்த மாதிரி எதை நிரூபிக்கிறது?

ஒளியைப் பொறுத்தவரை மாதிரிக்கு ஓர் அரிய சிறப்பு உண்டு. ஒரு வீட்டை 20இல் 1 பங்காகச் சுருக்கினால் அதன் உறுதி அதே விகிதத்தில் மாறாது. அது சூடேறும் வேகமும் மாறிவிடும். ஆனால் உள்ளே விழும் வெளிச்சம் மட்டும் மாறாது! தரையில் ஓர் இடத்திலிருந்து எவ்வளவு வானம் தெரிகிறது என்பது கோணத்தைப் பொறுத்தது. எல்லா நீளங்களும் ஒரே விகிதத்தில் குறைந்தால் கோணம் அப்படியே இருக்கும். ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.0005 மில்லிமீட்டர்தான், அதற்கு உங்கள் அட்டை வீடும் ஒரு மாளிகையே. கட்டடக் கலைஞர்கள் மாதிரிகளைக் கொண்டு பகலொளியை ஆராய்வது இதனால்தான். ஒரே ஒரு நிபந்தனை: மாதிரியின் பரப்புகள் அசலைப் போன்றே ஒளியை எதிரொளிக்க வேண்டும்.

அதில் தவறினால் என்னவாகும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நான்கு புறமும் மூடிய ஓர் அறை. ஒரு சிறு துளை வழியே ஒளி வருகிறது. சுவர் 100க்கு 80 பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று கொள்வோம். முதல் தடவை 1 பங்கு, பிறகு 0.8, பிறகு 0.64 என்று தொடரும். இந்தப் பெருக்குத் தொடரின் கூடுதல் 5. சுவர் 100க்கு 50 பங்கே திருப்பி அனுப்பினால் கூடுதல் 2. எதிரொளிப்பு 1.6 மடங்குதான் வேறுபட்டது. உள்ளே சேரும் ஒளியோ 2.5 மடங்கு வேறுபட்டுவிட்டது! திறந்த முற்றமுள்ள வீட்டில் ஒளி வெளியேறிவிடுவதால் வேறுபாடு இவ்வளவு இராது. ஆனாலும் பாடம் ஒன்றே: பூச்சில் நேரும் பிழையை அறை பெருக்கிக் காட்டும்.

"அசல் வண்ணத்தைப் பூசினால் மாதிரியின் உட்புறம் இருட்டாகத் தெரிகிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். மாதிரிக் கார் செய்வோரும் இதையேதான் சொல்கிறார்கள்; இருக்கைகளுக்கும் கதவின் உட்புறத்துக்கும் அசலைவிடச் சற்று வெளிறிய வண்ணம் பூசுவோர் அவர்களில் உண்டு. இருள் காரில் இல்லை. நம் கண்ணில் இருக்கிறது. உள்ளே அமர்ந்தவரின் கண்ணின் பாவை விரிந்து, அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும். வெளியே நின்று எட்டிப் பார்ப்பவரின் கண் வெளிச்சத்துக்குப் பழகியது. வெயிலில் தெருவில் நின்று சன்னல் வழியே எந்த அறையைப் பார்த்தாலும் இருட்டாகத்தானே தெரிகிறது? அலமாரியில் அழகுக்கு வைக்கும் காருக்கு வெளிறிய வண்ணம் பொருந்தலாம், அதில் குற்றமில்லை. வெளிச்சத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வந்த மாதிரிக்கு அது பொருந்தாது.

தரைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 8 அங்குல ஆத்தங்குடிக் கல், 20இல் 1 பங்கு மாதிரியில் 1 சென்டிமீட்டர் ஆகிவிடும். அரை மீட்டர் தொலைவில் நம் கண்ணால் பிரித்தறியக் கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.15 மில்லிமீட்டர். ஆகவே அசலில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கோடுகள் மாதிரியில் கலந்து ஒரே நிறமாகிவிடும். அந்த நிறத்தைப் பெற இரு பெயிண்டுகளைக் கிண்ணத்தில் கலக்காதீர்கள்! மஞ்சள், நீலப் பெயிண்டுகளைக் கலந்தால் பச்சை வரும். நுண்ணிய மஞ்சள், நீலப் புள்ளிகளைத் தொலைவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறமே தெரியும். கல்லில் உள்ள பரப்பு விகிதத்தில் வட்ட அட்டையில் வண்ணங்களைத் தீட்டி, நியூட்டன் வட்டுப்போல் வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். நீங்கள் பூச வேண்டிய நிறம் தெரியும்.

சுவருக்கு உரிய பூச்சைக் கண்டுபிடிப்பதும் கடினமன்று. எல்.டி.ஆர். எனப்படும் ஒளியுணர் மின்தடை சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதைக் கறுப்புக் காகிதக் குழாயின் முனையில் பொருத்தி மல்டிமீட்டருடன் இணையுங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்று, அசல் சுவரை ஒட்டி உங்கள் பூச்சு அட்டையைப் பிடியுங்கள். ஒரே தொலைவில் நின்று இரண்டையும் மாறி மாறி அளவிடுங்கள். எண்கள் ஒத்துவரும் வரை பூச்சை மாற்றுங்கள். சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் தாள்களை முன்வைத்து அளந்தால் நிறமும் ஒத்துவரும். கைப்பேசியில் தனித்தனியே எடுத்த படங்களை நம்ப வேண்டாம்; கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துவிடும்.

இப்படிச் செய்த மாதிரியை எல்.இ.டி. இல்லாமல் திறந்த வானத்தின் கீழ் வையுங்கள். தாழ்வாரத்தின் எந்த மூலையில் படிக்கலாம், எந்த மூலையில் விளக்கு வேண்டும் என்பதை அது சொல்லும். பழைய வீட்டைப் புதுப்பிக்கும் ஒருவர், "இந்தச் சுவருக்கு அடர்ந்த நிறம் அடித்தால் வளவு இருண்டுவிடுமா?" என்று கேட்டால், ஒரு வாளி பெயிண்ட் வாங்குமுன் உங்களால் விடை கூற முடியும்.

கண்காட்சிகளுக்கு நடுவர்களாக வரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதிரியின் உள்ளேயும் குனிந்து பாருங்கள். "இந்த வண்ணத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேளுங்கள். அளவுகளைக் காட்டி விடை சொல்லும் மாணவனுக்கும் மாணவிக்கும், பளபளப்புக்குக் கொடுப்பதைவிட அதிக மதிப்பெண் கொடுங்கள்.