தோட்டத்துக்கு ஒரு நாய் வேணுங்க

கோவையில் நாய்க்குட்டிகளைத் தத்துக் கொடுக்கும் முகாம் எங்கே நடந்தாலும் ஒரு காட்சி மாறாது. அட்டைப்பெட்டிக்குள் பழைய துண்டு விரித்திருக்கும். நான்கைந்து குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கும். குனிந்து பார்க்கிறவர் முதலில் நிறத்தைப் பார்ப்பார். அடுத்த கேள்வி, "ஆண் குட்டி இல்லீங்களா?" மிச்சம் இருப்பதெல்லாம் பொட்டை என்றதும், "சரிங்க, அடுத்த வாட்டி பாக்கறோம்" என்று நிமிர்ந்துவிடுவார். மாலையில் பெட்டியில் மிஞ்சுவது பெரும்பாலும் பொட்டைக் குட்டிகள்தான். தன்னார்வலர் அவற்றை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்து வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோவார். அங்கே ஏற்கெனவே நான்கு நாய்கள் இருக்கும்.

இன்னொரு காட்சியும் உண்டு. வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் வந்து நிற்பார். "தோட்டத்துக்கு ஒரு நாய் வேணுங்க. காவலுக்கு."

"கட்டிப் போட்டுத்தான் வளப்பீங்களாங்க ஐயா?"

"பின்ன? அவுத்து உட்டா அக்கம்பக்கத்து ஆட்டைக் கடிச்சுப் போடாதுங்களா?"

பேச்சு அத்தோடு முடிந்துவிடும். தத்துப் படிவம் மேசைக்குள் போய்விடும். தன்னார்வலருக்கு, ஒரு நாயை ஆயுள் முழுக்கச் சங்கிலியில் கிடக்காமல் காப்பாற்றிய நிம்மதி. பெரியவருக்கு, ஒரு தெரு நாய்க்குட்டிக்கு இத்தனை விசாரணையா என்ற எரிச்சல். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும், கொங்கு நாட்டில் தத்து வேலை இந்த இடத்தில்தான் தோற்கிறது.

நகரத்துத் தன்னார்வலர்கள் தேடும் வீடு எப்படி இருக்கும் என்று பார்த்தால் புரியும். சொந்த வீடு, இல்லையென்றால் உரிமையாளரின் சம்மதம். குடும்பத்தில் எல்லோருக்கும் விருப்பம். ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள். மொட்டை மாடியில் தனியாக விடக்கூடாது. இத்தனையும் பொருந்தும் வீடு ஆர்.எஸ்.புரத்திலும் சரவணம்பட்டியிலும் எத்தனை கிடைக்கும்? அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் முணுமுணுப்பு வேறு. ஆனால் நகரத்தைத் தாண்டி அன்னூர், பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் என்று போகப் போக, நாய் இல்லாத தோட்டம் அரிது. வீடுகள் நெருக்கமாக அமைந்த ஊர் அல்ல இது. அவரவர் காட்டில் அவரவர் சாளை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்திலும், அடுத்த ஆண்டு ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகிலும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, இரவில் குரைக்க ஒரு உயிர் வேண்டும் என்ற எண்ணம் முன்பைவிடக் கூடியிருக்கிறது. நாய்க்கு இடமும் வேலையும் வைத்திருப்பவர்கள் இவர்கள். அவர்களைத்தான் முகாம் வெறுங்கையோடு அனுப்புகிறது.

அதே மண்ணில் நாய் என்றால் கொதிப்பவர்களும் இருக்கிறார்கள். காங்கேயம் வட்டாரத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள் செம்மறி மேய்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். சில ஆண்டுகளாக நாய்க்கூட்டம் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறுவது தொடர்கதையாகிவிட்டது. விடிந்து பார்த்தால் குடல் சரிந்து கிடக்கும் ஆடு. பிழைத்ததும் சில நாளில் சாகும். செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் நடந்தது. இழப்பீடு கேட்டுப் போராட்டங்கள் நடந்தன. நாய்ப்பிரியர்கள் இந்த விவசாயிகளை இரக்கமற்றவர்கள் என்று பேசுவது அநியாயம். பத்து ஆடு போனால் அந்த ஆண்டுப் பள்ளிக்கட்டணம் போயிற்று என்று பொருள்.

அந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது? கறிக்கடைக் கழிவும் பண்ணையில் செத்த கோழியும் வீசப்படும் இடத்தில் நாய் சேரும், பெருகும். அதில் ஒரு பங்கு தோட்டங்களிலிருந்தே வருகிறது. காவலுக்குக் கட்டுவது கடுவனை. வேலிக்கு வெளியே திரியும் பொட்டை, சோளத்தட்டுப் போரின் அடியில் குட்டி போடும். சுமார் 63 நாள் சினை, ஆண்டுக்கு இரண்டு ஈற்று வரை. அந்தக் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டு வாய்க்கால் மேட்டிலோ பைபாஸ் ஓரத்திலோ இறக்கப்படும். பிழைத்தவைதான் ஒன்றரை ஆண்டு கழித்து இன்னொருவர் பட்டியில் புகுபவை. நகரத்துக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. ஆசைக்கு வாங்கிய ஹஸ்கியும் லேப்ரடாரும் நோய் வந்ததும் ஊர் எல்லையில் இறக்கிவிடப்படுகின்றன. பெட்டியில் மிஞ்சிய பொட்டைக் குட்டியையும் பட்டியில் செத்த ஆட்டையும் இணைக்கும் கயிறு இதுதான்.

கோவையில் இந்தக் கயிற்றைப் பிடித்து வேலை செய்தவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மினி வாசுதேவன், கணவருடன் சேர்ந்து 2006-ல் ஹியூமேன் அனிமல் சொசைட்டியைத் தொடங்கினார். மாநகராட்சியுடன் சேர்ந்து தெருநாய்க் கருத்தடை, ரேபிஸ் ஊசி, அடிபட்டவற்றுக்குச் சிகிச்சை, தேறியவற்றுக்கு வீடு என்று அந்த அமைப்பு வேலை செய்தது. 2018-ம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது அவருக்குக் கிடைத்தது. அந்த வேலையின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கருத்தடை, பிறகு ஊசி, அதன் பிறகுதான் தத்து.

ஏன் இந்த வரிசை? 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் தெருநாய்கள் 1.53 கோடி, தமிழகத்தில் மட்டும் சுமார் 4.4 லட்சம். இத்தனைக்கும் வீடு தேடுவது நடக்காத காரியம். தத்து என்பது தெருவில் பிழைக்க முடியாதவற்றுக்கு: தாயை இழந்த குட்டி, கால் போனது, கண் தெரியாதது, கைவிடப்பட்ட வீட்டு நாய். மற்றவற்றுக்குக் கருத்தடையும் ரேபிஸ் ஊசியும்தான் வழி. உச்ச நீதிமன்றமும் சுற்றி அங்கேதான் வந்து நின்றது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 11 நாள் கழித்து மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் ஊசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ரேபிஸ் கண்டவையும் மூர்க்கமாகக் கடிப்பவையும் விதிவிலக்கு. நவம்பர் 7 உத்தரவில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களைப் பிடித்தால் அங்கே திரும்ப விடக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. அப்படிப் பிடிபடுபவை எங்கே போகும் என்ற கேள்விக்குக் காப்பகத்தை விட்டால் தத்துதான் பதில்.

ஆகஸ்ட் 22 உத்தரவில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. விலங்கு ஆர்வலர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்து நாய்களைத் தத்தெடுக்கலாம். ஆனால் அவை மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. இந்தப் பொறுப்பைக் கண்காணிக்க இன்று இருப்பது என்ன? தன்னார்வலரின் கைப்பேசி மட்டும்தான்.

தத்து வேலையின் முழுப் பாரமும் அந்தக் கைப்பேசியில்தான் இருக்கிறது. குட்டி வீட்டுக்குப் போவது இரண்டு மாத வயதில். ஆறு மாதம் ஆகாத குட்டியைக் கருத்தடைக்குப் பிடிக்கக்கூடாது என்பது 2023-ம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதி. ஆக, கொடுத்த நாளுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் நடுவில் நான்கு மாதம். அதற்குள் குட்டிக்குப் பார்வோ வரலாம், உண்ணிக் காய்ச்சல் வரலாம், எடுத்தவர் வீடு மாறலாம். தன்னார்வலர் முதல் வாரம் அழைத்தால், "நல்லா இருக்குதுங்க, தயிர்சோறு திங்குது" என்று படம் வரும். இரண்டாம் மாதம், "செருப்பைக் கடிச்சுப் போடுதுங்க." நான்காம் மாதம் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார்கள். அந்த எடுக்கப்படாத அழைப்பில் பொட்டைக் குட்டி இருந்தால், அடுத்த ஈற்று தெருவில்தான். குட்டியைக் கொடுப்பது ஒரு நாள் வேலை. பின்தொடர்வது ஆறு மாத வேலை. அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

சட்டம் கைகொடுக்குமா? 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், வளர்த்த விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவதைக் குற்றம் என்கிறது. அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாததும்கூடக் குற்றம்தான். முதல் முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு டீக்கடையில் இரண்டு டீயும் இரண்டு வடையும் அந்தக் காசுக்கு வரும். இதை உயர்த்தும் திருத்த வரைவு 2022 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. சட்டம் ஆகவில்லை.

எனவே தோட்டக்காரரைத் திருப்பி அனுப்புவதைவிட அவரோடு பேரம் பேசுவது மேல். கொங்கு நாட்டாருக்குப் பேரம் புதிதல்ல. குட்டி தருகிறோம், பொட்டைக் குட்டிதான் தருவோம். ஆறு மாதத்தில் கருத்தடை எங்கள் பொறுப்பு, வண்டியும் எங்களுடையது. ஆண்டுக்கு ஒரு ரேபிஸ் ஊசி உங்கள் பொறுப்பு. பகலில் கட்ட வேண்டியிருந்தால் நிழலும் தண்ணீரும் நீளமான கயிறும் வேண்டும். இரவில் வேலிக்குள் அவிழ்த்து விட வேண்டும். இதில் பெரியவர் மறுக்க எதுவும் இல்லை. கருத்தடை செய்த பொட்டை கடுவன் கூட்டத்தை வாசலுக்கு இழுக்காது. குட்டி போட்டுத் தொல்லை தராது. காவலுக்குக் கடுவன்தான் வேண்டும் என்பது பழக்கத்தில் வந்த நம்பிக்கை. அந்நியர் வந்தால் பொட்டையும் அதே குரலில்தான் குரைக்கும்.

ஆட்டைக் கடிக்கும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. துருக்கியின் சிவாஸ் பகுதியில் கங்கால் நாய்களைக் குட்டியிலிருந்தே செம்மறியோடு வளர்க்கிறார்கள். வளர்ந்தபின் ஓநாய் வந்தாலும் மந்தைக்கு முன்னால் நிற்கின்றன. எல்லா நாட்டுக் குட்டியும் கங்கால் ஆகிவிடாது. ஆனால் இரண்டு மாதத்தில் பட்டிக்கு வந்து, ஆடுகளின் வாசத்திலேயே வளர்ந்து, வேளைக்குச் சோறு தின்னும் நாய்க்கும் கோழிக்கழிவைத் தின்று திரியும் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஆட்டுக்காரரும் அறிவார். குட்டியாக இருக்கும்போது கண்டித்து வளர்க்கத் தெரிந்தவரும் அவரே.

இதைத் தன்னார்வலர்கள் மட்டும் தூக்க முடியாது. 2023 விதிகள் கருத்தடைப் பொறுப்பை மாநகராட்சியோடு நிறுத்தவில்லை. ஊராட்சிக்கும் அது உண்டு. கோவைக்குச் சீரநாயக்கன்பாளையம், உக்கடம் மையங்கள் இருக்கின்றன, கொறங்காட்டுக் கிராமத்துக்கு? நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஊர்தோறும் மாட்டுக்கு ஊசி போடும் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. மாதம் ஒரு நாள் கருத்தடை வண்டி ஒன்றியம் ஒன்றியமாக வர என்ன தடை? பூட்டான் 14 ஆண்டு விடாமல் வேலை செய்து, 2023 அக்டோபரில் தன் தெருநாய்கள் எல்லாவற்றுக்கும் கருத்தடை முடிந்தது என்று அறிவித்தது. மலை மலையாக ஏறி, வீட்டு நாய்களையும் சேர்த்தே செய்தார்கள். காங்கேயத்தில் அப்படி மலை மலையாக ஏற வேண்டியதுகூட இல்லை.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கியது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து பக்கத்து மலை மேலேயே கிடைத்து நூற்றாண்டு தாண்டிவிட்டது. அப்படியிருந்தும் தமிழகத்தில் 2024-ல் ரேபிஸால் 43 பேர் இறந்தார்கள். ஊசி போட்ட நாய் எத்தனை அதிகமோ அத்தனைக்கு இந்த எண் குறையும்.

மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகங்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கருத்தடை மையம் ஒவ்வொன்றிலும் ஒரு தத்து மேசை, யார் எந்த நாயை எடுத்தார் என்று ஒரு பதிவேடு, ஆறாம் மாதம் அழைத்து நினைவூட்ட ஒரு ஆள். வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நாய் வாங்கக் கிளம்பும் முன் பக்கத்துக் காப்பகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வளர்க்க முடியாதவர்கள், தத்துப் போன பத்துக் குட்டிகளின் பட்டியலை ஒரு தன்னார்வலரிடம் கேட்டு வாங்கி, ஆறு மாதத்துக்கு அந்தப் பத்து வீட்டுக்கும் போன் செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு மணி நேரம் போதும்.