பீங்கான் சூட்டைக் கடத்தாதுன்னு யாரு சொன்னா?

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காரமான பதிவு. "பீங்கான் அரிதிற்கடத்தி. காரணம், கட்டற்ற எலக்ட்ரான்கள் இல்லை." இப்படி எழுதினா முழு மார்க். அந்தக் காரணம் அரைகுறை. அதைத்தான் தலைமுறை தலைமுறையா உருப்போடறோம்.

வைரத்துல கூட கட்டற்ற எலக்ட்ரான் கிடையாது. ஆனா அறை வெப்பநிலைல தாமிரத்தை விடச் சுமார் 5 மடங்கு வெப்பம் கடத்தும். அட, வைரம் வேணாம். அலுமினியம் நைட்ரைடுன்னு ஒரு செராமிக். கடைல விக்கிற தகடே சுமார் 170 வாட்/மீட்டர்-கெல்வின் கடத்தும். இரும்புக்கு வெறும் 80. பவர் எலக்ட்ரானிக்ஸ் சிப்புக்கு அடியில இந்தத் தகட்டை வைக்கறதே, மின்சாரம் தாண்டக் கூடாது, சூடு மட்டும் வெளியேறணும்னுதான்.

எப்படி? அணுக்களோட அதிர்வு (ஃபோனான்) சூட்டைத் தூக்கிட்டு ஓடுது. படிகம் ஒழுங்கா இருந்தா தூரமா ஓடும். அந்நிய அணு, காலி இடம், குருணைக்கும் குருணைக்கும் நடுவுல உள்ள எல்லை, இதுல முட்டினா சிதறிடும்.

உடனே அடுத்த மனப்பாடம் ரெடி: "குருணையை நானோ ஆக்கு, கடத்தல் குறையும்." எல்லாத்துக்குமா? ஜெட் எஞ்சின் டர்பைன் பிளேடு மேல பூசற சிர்கோனியாவை எடுத்துக்குங்க. அதுல இட்ரியா கலந்திருக்கறதால ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்கள் நிறைய காலி. ஃபோனான் சில அணு தூரத்துலயே முட்டிக்குது. அப்புறம் குருணையை 1 மைக்ரோமீட்டர்ல இருந்து 100 நானோமீட்டர் ஆக்கி என்ன புண்ணியம்? மீட்டருக்கு ஒரு வேகத்தடை இருக்கற தெருவுல, டோல்கேட் 1 கிலோமீட்டருக்கு ஒண்ணு இருந்தா என்ன, 100 மீட்டருக்கு ஒண்ணு இருந்தா என்ன? 10 நானோமீட்டர் பக்கம் இறங்கினாத்தான் வித்தியாசம் நல்லாத் தெரியும்.

அதே இட்ரியாவைக் கொஞ்சம் அலுமினியம் நைட்ரைடுல சேர்த்துச் சுட்டா நேர்மாறு! குருணைக்குள்ள கரைஞ்சு தொல்லை கொடுக்கற ஆக்சிஜனை இழுத்து ஓரத்துல ஒதுக்கிடும். கடத்தல் ஏறும்.

ஒரே பொருள், ஒண்ணுல தடுக்குது, இன்னொண்ணுல வழிவிடுது. இதை எந்த ரெண்டு வரி விடைல அடைப்பீங்க? கேள்வித்தாள் எடுக்கறவங்களே, "பீங்கான் கடத்துமா?"ன்னு கேக்காதீங்க. எந்தப் பீங்கான், குருணை எவ்வளவு பெருசு, உள்ள என்ன கலந்திருக்குன்னு கேளுங்க. அட்டவணையை மட்டும் நம்பி நாளைக்கு டிசைன் பண்ணா, கருகப்போறது மார்க் இல்ல, சிப்பு.